சங்கத்துக்கு வெளியே நிற்கும் தொழிலாளி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சங்கங்களின் காலம் முடிந்துவிட்டது என்று வாதிட்டுத் தங்கள் நாளிதழில் சில நாள்களுக்கு முன் வெளிவந்த கட்டுரையையும், அதை ஒட்டியும் வெட்டியும் வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் டர்னராக வேலை பார்த்து, அவற்றுள் 11 ஆண்டுகள் சங்கத்தின் செயற்குழுவிலும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தையும், ஓய்வுக்குப் பின் பல நாட்டுத் தொழிற்சங்க வரலாறுகளைப் படித்து அறிந்தவற்றையும் வைத்துச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது. இயன்றவரை முழுமையாக வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கை உலகின் பல நாடுகளில் குறைந்துவிட்டது என்று கட்டுரையாளர் சொல்வதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் 1983-இல் நூறு தொழிலாளருக்கு 20 பேர் சங்கத்தில் இருந்தார்கள். 2024-இல் அது பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அங்கே தனியார் துறையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 6 பேர்தான். ஆனால் இதற்குக் காரணம் இன்றைய தொழிலாளிக்குச் சங்கம் தேவைப்படவில்லை என்பதுதான் என்று அவர் முடிவு கட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. சங்கம் யாருக்கு மிகவும் தேவைப்படுகிறதோ அவர் பெரும்பாலும் சங்கத்துக்கு வெளியிலேயே நிற்கிறார். அவரை வெளியில் நிறுத்தியதில் அரசுக்கும் முதலாளிக்கும் பங்கு உண்டு. எங்களைப் போன்ற சங்கத்துக்காரர்களுக்கும் பங்கு உண்டு. எங்கள் பங்கை நாங்கள் மேடையில் பேசுவதில்லை என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தொழிலாளர் கூடிப் பேசுவதே குற்றம் என்று 1799, 1800 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டன் சட்டம் செய்தது. 1824-இல் அந்தத் தடை நீங்கியது. ஆயினும் பத்து ஆண்டுகள் கழித்து, டார்செட் பகுதியில் டோல்படில் என்னும் சிற்றூரில், வாரக்கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 8 ஆகி, 7 ஆகி, இனி 6 ஆகப்போகிறது என்ற நிலையில் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்த ஆறு விவசாயக் கூலிகள் கைது செய்யப்பட்டார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. ஆகவே, கடற்படையில் நடந்த கலகத்தை ஒடுக்குவதற்காக 1797-இல் இயற்றிய இரகசிய உறுதிமொழித் தடைச் சட்டத்தைத் தேடியெடுத்து, அதன்கீழ் ஜார்ஜ் லவ்லெஸ் உள்ளிட்ட அறுவருக்கும் ஏழு ஆண்டு தண்டனை விதித்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மக்கள் கொதித்தெழுந்து ஊர்வலம் நடத்தி, மனுக்கொடுத்துப் போராடிய பிறகு 1836-இல் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. நேரடியாகத் தடுக்க முடியாதபோது வேறு ஒரு சட்டத்தின் வழியாக வந்து தடுக்கும் இந்த முறை, அதன் பிறகு எத்தனையோ நாடுகளில் திரும்பத் திரும்பக் கையாளப்பட்டிருக்கிறது.

அப்படி ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. அதற்கு முன் பிரிட்டனில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் டாஃப் வேல் ரயில் நிறுவனத்தில் 1900-இல் நடந்த வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நஷ்டத்தைச் சங்கமே கொடுக்க வேண்டும் என்று 1901-இல் தீர்ப்பாகி, ரயில்வே ஊழியர் சங்கம் 23,000 பவுண்டு செலுத்த நேர்ந்தது. இனி எந்தச் சங்கமும் வேலைநிறுத்தம் செய்யத் துணியாது என்னும் நிலை உண்டாயிற்று. 1906-இல் புதிய சட்டம் வந்துதான் அந்த ஆபத்து விலகியது. ஆனால் அந்தப் பாதுகாப்பு இங்கிலாந்துத் தொழிலாளிக்கு மட்டுமே கிடைத்தது. 1918 ஏப்ரல் 27 அன்று செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியால், பி.பி. வாடியாவைத் தலைவராகவும் திரு.வி.க.வைத் துணைத்தலைவராகவும் கொண்டு, பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, தொழிலாளரை உள்ளே விடாமல் நிர்வாகமே ஆலையை மூடும் கதவடைப்பு வந்தபோது, பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா உள்ளிட்டோர் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்பதே குற்றச்சாட்டு. வாடியா சங்கத்திலிருந்து விலகிக்கொள்ள, வழக்கு திரும்பப் பெறப்பட்டது. சங்கம் நடத்துபவருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று 1921-இல் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி தீர்மானம் கொண்டுவந்ததற்கு இந்த வழக்கே உடனடிக் காரணம். அதன் விளைவாகவே 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. நூறு ஆண்டுகளாக இந்தியா முழுவதிலும் சங்க நிர்வாகிகளைச் சதி வழக்கிலிருந்தும் நஷ்டஈட்டு வழக்கிலிருந்தும் காத்துவந்த பிரிவுகளுக்குப் பின்னால் பெரம்பூர்த் தொழிலாளரின் பட்டினி இருக்கிறது.

பெரம்பூரின் கதையை நாங்கள் மேடைகளில் இதுவரைதான் சொல்வது வழக்கம். 1921-இல் நடந்ததைச் சொல்வதில்லை. அந்த ஆண்டு அதே ஆலைகளில் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தில், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கமாகவும், ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பியதால் மறுபக்கமாகவும் பிளந்து நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின, வேலைநிறுத்தம் தோற்றது. நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலைக்குப் போனவர்களைக் கருங்காலிகள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நேர்மையாகாது. சேரியிலிருந்து வந்த தொழிலாளிக்கு அந்த நகரமும் அந்த ஆலையும் அந்தச் சங்கமும் அதுவரை எந்த இடத்தைக் கொடுத்திருந்தன என்ற கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதற்கு எல்லாத் தொழிலாளரும் சேர்ந்து விலை கொடுத்தார்கள்.

இதே தவறு எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டியது. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தங்கச் சுரங்கங்களில் 1922-இல் வெள்ளைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுரங்க முதலாளிகள் தங்களுக்குப் பதிலாகக் குறைந்த கூலிக்குக் கறுப்பின மக்களை அமர்த்தப் பார்க்கிறார்கள் என்பதே அவர்களின் குறை. கறுப்பினத் தொழிலாளியின் கூலியையும் உயர்த்து என்று கேட்டிருந்தால் அந்தப் போட்டியே இருந்திருக்காது. அவர்களோ, வெள்ளையரின் தென்னாப்பிரிக்காவுக்காக உலகத் தொழிலாளரே ஒன்றுபடுங்கள் என்று பதாகையில் எழுதிப் பிடித்தார்கள். இராணுவத்தை ஏவி அந்தக் கிளர்ச்சியை ஒடுக்கிய பின், 1924-இல் வந்த தொழில் சமரசச் சட்டம் சங்கங்களுக்குப் பேச்சுவார்த்தை உரிமை கொடுத்தது. ஆனால் ‘தொழிலாளி’ யார் என்று அது வகுத்த இலக்கணத்தில் அனுமதிச்சீட்டுடன் நடமாட வேண்டியிருந்த கறுப்பின ஆண்கள் இடம்பெறவில்லை. நிலத்துக்கடியில் இறங்கிப் பாறையை உடைப்பவன் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே இல்லை! 1946-இல் பல்லாயிரக்கணக்கான கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது போலீசார் அவர்களைத் துப்பாக்கிமுனையில் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள்.

பின்னர் 1973 ஜனவரியில் டர்பன் நகரில் ஒரு செங்கல் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஊரெங்கும் பரவி, மூன்றே மாதங்களில் 60,000-க்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை. பேச்சுவார்த்தைக்குப் பிரதிநிதிகளை அனுப்புங்கள் என்று நிர்வாகம் கேட்டபோது, அனுப்பினால் அவர்களைத்தான் முதலில் வேலையைவிட்டு எடுப்பீர்கள் என்று சொல்லி, கூட்டமாகவே நின்று கோரிக்கைகளைச் சொன்னார்கள். எங்கள் தொழிற்பேட்டையிலும் முதல் சங்கம் அமைத்தவர்களில் பலர் வேலையிழந்தவர்கள் என்பதால், இதைப் படித்தபோது அந்தத் தொழிலாளர் எனக்கு மிகவும் அருகில் தெரிந்தார்கள். 1979-இல் அரசு வேறு வழியின்றி, கறுப்பினத் தொழிலாளரின் சங்கங்களையும் ஏற்கும்படி சட்டத்தைத் திருத்தியது. 1985-இல் டர்பனில் தொடங்கிய கொசாட்டு என்னும் பெருங்கூட்டமைப்பு நிறவெறி ஆட்சியை வீழ்த்துவதில் முன்னணியில் நின்றது. உலகத் தொழிற்சங்க வரலாற்றில் இதற்கு ஈடான வெற்றிகள் மிகச் சிலவே.

அந்த நாட்டின் கதை அத்துடன் நின்றிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிகானா பிளாட்டினச் சுரங்கத்தில், மாதம் 12,500 ராண்ட் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது போலீசார் சுட்டதில் 34 பேர் இறந்தார்கள். அந்தப் பாறைத் துளையிடும் தொழிலாளர் தங்கள் கோரிக்கைக்குத் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் துணை நிற்கவில்லை என்று கருதித் தாங்களாகவே களத்தில் இறங்கியவர்கள். நிறவெறிக் காலத்தில் வீரத்துடன் போராடிய சங்கம் அது. அதன் முதல் பொதுச்செயலாளரான சிரில் ராமபோசா, 2012-இல் அந்தச் சுரங்க நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இருந்தார். விசாரணை ஆணையம் அவர் மீது குற்றம் காணவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் சங்கத்தின் மேல்மட்டத்துக்கும் துளையிடும் இயந்திரத்தைத் தோளில் தாங்கியவருக்கும் இடையே எவ்வளவு தூரம் விழுந்துவிட்டது என்பதை விளக்க எந்த ஆணையமும் தேவையில்லை. ஆயிரக்கணக்கானோர் அச்சங்கத்தை விட்டு விலகி வேறு சங்கத்தில் சேர்ந்தார்கள்.

அமெரிக்காவைப் பற்றிக் கட்டுரையாளர் நிறைய எழுதியிருக்கிறார் என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தொழிலாளர் சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்துடன் கூலி பேசும் கூட்டுப்பேர உரிமையை அங்கே நிலைநாட்டிய 1935-ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் சேர்க்காமல் விட்டது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் மிகுதியாக இருந்த வேலைகள் இவை இரண்டும்தான். பழைய கைவினைச் சங்கங்கள் பலவும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் பணிவிடை செய்த கறுப்பின ஊழியர்கள் ஏ. பிலிப் ராண்டால்ஃபின் தலைமையில் 1925-இல் தனிச்சங்கம் கண்டு, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937-இல்தான் ஒப்பந்தம் பெற்றார்கள். 1981-இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 11,000-க்கும் மேற்பட்டோரை அதிபர் ரீகன் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது சங்கங்களுக்குப் பேரடிதான். ஆனால் அடி விழும் முன்பே அந்தச் சங்கங்களின் கூரைக்கு வெளியே கோடிக்கணக்கானோர் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

உறுப்பினர் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சங்கத்தின் வலிமையை அளப்பதும் சரியல்ல. பிரான்சில் பத்தில் ஒருவர்தான் சங்க உறுப்பினர். ஆயினும் ஒரு தொழில்துறையில் போடப்படும் ஒப்பந்தம் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் விரிவுபடுத்தப்படுவதால், ஏறக்குறைய எல்லா ஊழியரும் ஏதோ ஓர் ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் இருக்கிறார்கள். சுவீடனில் 2023 அக்டோபர் முதல் டெஸ்லா நிறுவனத்தின் பணிமனைகளில் மெக்கானிக்குகள் கூட்டு ஒப்பந்தம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, துறைமுகத் தொழிலாளர் அந்நிறுவனத்தின் கார்களை இறக்க மறுத்தார்கள். தபால் ஊழியர் அதற்கு வரும் தபால்களைக் கொடுக்க மறுத்தார்கள். தமக்கு எந்தக் குறையும் இல்லாதபோதும் அடுத்தவருக்காக வேலையை நிறுத்த அங்கே சட்டம் இடம் தருகிறது. பிரிட்டனில் அது இன்று சட்டவிரோதம்.

அடுத்தவருக்காக நிற்பது என்றால் என்ன என்பதைப் போலந்தில் நடந்ததைப் போல வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை. 1980 ஆகஸ்டில் கதான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் அன்னா வாலன்டினோவிச் என்ற கிரேன் ஓட்டும் பெண்மணி, ஓய்வூதியத்துக்கு ஐந்து மாதங்களே இருந்த நிலையில் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவரைத் திரும்ப எடுக்கக் கோரி 14-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. 16-ஆம் தேதி நிர்வாகம் இறங்கி வந்தது. அவருக்கும், வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய லெக் வலேசாவுக்கும் மீண்டும் வேலை, எல்லாருக்கும் சம்பள உயர்வு. வேலைநிறுத்தம் முடிந்தது என்று வலேசா அறிவித்தார். தொழிலாளர் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். ஆனால் அவர்களை நம்பி, அவர்களுக்கு ஆதரவாக, சுற்றுவட்டாரத்துச் சிறு தொழிற்கூடங்களும் டிராம் ஊழியரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். பெரிய தளம் விலகிவிட்டால் அந்தச் சிறியவர்களை அரசு நசுக்கிவிடும். அப்போது வாலன்டினோவிச்சும், அலினா பியென்கோவ்ஸ்கா என்னும் செவிலியரும், ஹென்றிகா கிஷிவோனோஸ் என்னும் டிராம் ஓட்டுநரும் முன்னின்று, வெளியேறிக்கொண்டிருந்தவர்களை வாயிலில் மறித்து, போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். பலர் போய்விட்டார்கள், சிலர் நின்றார்கள். மற்றவர்களுக்காக நின்ற அந்தச் சிலரிலிருந்துதான் அனைத்துத் தொழிற்சாலைகளின் கூட்டுக்குழுவும், 21 கோரிக்கைகளும், ஆகஸ்ட் 31-ஆம் தேதி ஒப்பந்தமும், ஓராண்டுக்குள் ஒரு கோடியை நெருங்கிய உறுப்பினர்களைக் கொண்ட ‘ஒருமைப்பாடு’ சங்கமும் பிறந்தன. 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் கொண்டுவந்தும் அதை அழிக்க முடியவில்லை. 1989-இல் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. தங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று அன்று எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

இனி எங்கள் தொழிற்சாலைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் மூன்றாண்டுச் சம்பள ஒப்பந்தம் பேசியபோது, நிர்வாகம் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே கொடுக்க முன்வந்தது. அதற்குக் கைம்மாறாக ஒரே ஒரு வரி: துப்புரவு, ஏற்றுமதி, பாக்கிங் பிரிவுகளில் காண்ட்ராக்ட் ஆட்களை வைத்துக்கொள்ளச் சங்கம் ஆட்சேபிக்கக் கூடாது. கையெழுத்திட்ட ஐவரில் நானும் ஒருவன். அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வரி பிரஸ் பிரிவுக்கும் நீண்டது. அதற்கடுத்ததில் பயிற்சியாளர் என்ற பெயரில் இளைஞர்கள் இயந்திரங்களுக்கே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் எங்கள் சம்பளம் உயர்ந்தது. 400 ஆக இருந்த நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை நான் ஓய்வு பெறும்போது 90-க்கும் கீழே வந்திருந்தது. யாரையும் வேலையைவிட்டு எடுக்கவில்லை. ஓய்வு பெற்றவரின் இடத்தை நிரப்பவில்லை, அவ்வளவுதான்.

ஓர் இரவு ஷிப்டில் பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்த்த காண்ட்ராக்ட் பையன் ஒருவனுக்கு வலக்கையில் மூன்று விரல்கள் போயின. பத்தொன்பது வயது. அவன் அண்ணன் மறுநாள் சங்க அலுவலகத்துக்கு வந்து, இழப்பீடு வாங்கித் தர உதவுங்கள் என்று கேட்டார். அவன் எங்கள் உறுப்பினன் இல்லை, காண்ட்ராக்டரைப் போய்ப் பாருங்கள் என்று நாங்கள் சொன்னோம். சொன்னது பொய்யல்ல, எங்கள் விதிநூலின்படி அவன் உறுப்பினனாகச் சேரவே வழியில்லை. அவனுக்கு இ.எஸ்.ஐ. பதிவு இருந்ததா என்றுகூட நாங்கள் விசாரிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து நாங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது, காண்ட்ராக்ட் தொழிலாளரும் பயிற்சியாளரும் வழக்கம்போல உள்ளே போனார்கள், உற்பத்தி நிற்கவில்லை, ஒன்பதாம் நாள் நாங்கள் தலைகுனிந்து வேலைக்குத் திரும்பினோம். வாயிற்கூட்டத்தில் அவர்களைத் துரோகிகள் என்று பேசிய தோழர்கள் உண்டு. அன்று என்னால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. அந்தப் பையனுக்காக ஒரு மணி நேரம்கூட இயந்திரத்தை நிறுத்தாதவர்கள் நாங்கள்.

சங்கம் என்றால் யாருக்கானது என்ற கேள்வியை இந்தியாவில் மிகத் தெளிவாக எழுப்பியவர்கள் பெண்கள்தான் என்று நான் நினைக்கிறேன். அகமதாபாத்தில் தலைச்சுமை தூக்கியும், பழந்துணி விற்றும், வீட்டிலிருந்தே தைத்தும் பிழைத்த பெண்களுக்காக எலா பட் 1972-இல் ‘சேவா’ சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டார்கள். எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, நாங்கள் ஒன்றுசேர்வதற்கும்தான் சங்கம் என்று வாதாடிப் பதிவு பெற்றார்கள். 1981-இல் இடஒதுக்கீட்டுக் கலவரத்தின்போது தலித் மக்களுக்கு ஆதரவாகப் பேசிய எலா பட்டையும் அவருடைய சங்கத்தையும், சேவா எதிலிருந்து பிறந்ததோ அந்தத் தாய்ச்சங்கமே வெளியேற்றிவிட்டது. இன்று சேவாவின் உறுப்பினர்கள் 20 இலட்சத்துக்கும் மேல். மூணாறு தேயிலைத் தோட்டங்களில், பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து சென்ற குடும்பங்களின் பெண்கள் 2015 செப்டம்பரில் போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெண்கள் ஒற்றுமை’ என்னும் பொருளில் ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்ட அவர்கள், ஆதரவு தெரிவிக்க வந்த பெரிய சங்கங்களின் ஆண் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கொழுந்து பறித்தவர்கள் பெண்கள், சந்தா கொடுத்தவர்கள் பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் மட்டும் ஆண்கள். ஒன்பது நாள்களில் இழந்த போனஸை அந்தப் பெண்கள் மீட்டார்கள்.

இலங்கை மலையகத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கி, அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோன பிறகு, அவர்கள் பெயரைத் தாங்கியிருந்த ஏடுகளில் தொழிற்சங்கத்தின் உறுப்பினர் பதிவேடும் ஒன்று. பிரஜை என்று எழுத அரசு மறுத்தபோது, தொழிலாளி என்று எழுதிக்கொள்ள அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது.

இன்று நிலைமை இன்னும் கடினமாகியிருக்கிறது. திருப்பெரும்புதூரில் 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நடந்தது. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது என்பது உள்ளிட்ட ஆட்சேபங்களைக் கடந்து, உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் அந்தச் சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே ஒரு பதிவுக்கு இவ்வளவு பாடு. அந்தச் சட்டத்தையும் உள்ளடக்கிப் புதிதாக வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்பு என்னும் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லாத் தொழிற்சாலைக்கும் வந்துவிட்டது. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகிவிட்டது. பல சங்கங்கள் உள்ள இடத்தில், வருகைப் பதிவேட்டில் உள்ளோரில் 51 விழுக்காட்டினரைக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தைக்கு உரிய தனிச்சங்கம் என்கிறது தொகுப்பு. பாதிப்பேருக்கு மேல் காண்ட்ராக்டரின் பதிவேட்டில் இருக்கும் தொழிற்சாலையில் இந்தக் கணக்கை யாரை வைத்துப் போடுவது? சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டுப்பேர உரிமையையும் உறுதிசெய்யும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகளை, அவை வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தியா ஏற்று ஒப்பமிடவில்லை என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

உணவு கொண்டுவருபவரையும் வாடகைக் கார் ஓட்டுபவரையும் ‘பங்குதாரர்’ என்று அழைக்கும் செயலி நிறுவனங்களின் உத்தி, ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குள் வராதபடி ஆளை வெளியே நிறுத்திய 1924-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் உத்தியிலிருந்து அடிப்படையில் வேறுபட்டதல்ல என்பது என் கருத்து. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்துக் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கும் உரிமை வழங்கியது. நம் நாட்டில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலும், தொழில் உறவுகள் தொகுப்பு அவர்களைத் தொழிலாளராகக் கொள்ளவில்லை. நலவாரியம் உண்டு, எதிரே உட்கார்ந்து கூலி பேசும் உரிமை இல்லை.

அரசையும் நிறுவனங்களையும் நோக்கி வைக்க வேண்டிய கோரிக்கைகளைச் சங்கங்கள் வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவை தொடர வேண்டும். நான் கேட்பது, எவருடைய அனுமதியும் இல்லாமல் சங்கங்கள் தாமே இன்று செய்யக்கூடியவற்றை. காண்ட்ராக்ட் தொழிலாளி, பயிற்சியாளர், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர் என எவரும் ஒரே சங்கத்தில் சேரும்படி விதிகளைத் திருத்த வேண்டும். அவர்கள் கூலிக்கேற்பச் சந்தாவைக் குறைக்க வேண்டும். செயற்குழுவில் அவர்களுக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் தொழிற்பேட்டைகளில் தங்கி வேலை பார்ப்பவர்களுக்குப் புரியும் மொழியில் துண்டறிக்கை அடிக்க வேண்டும். வாயிற்கூட்டத்தில் அவர்களில் ஒருவரைப் பேச வைக்க வேண்டும். அவர்கள் நம் கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று பேசும் சங்கத்துக்காரரை நான் இன்றும் பார்க்கிறேன். 1922-இல் ஜோகன்னஸ்பர்க் பதாகையில் எழுதியிருந்ததை அவரும் தெரியாமல் திரும்பச் சொல்கிறார். சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அதனால் வெளியே நிற்பவருக்கு என்ன ஆகும் என்பதைப் பொதுக்குழுவில் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

எங்கள் பழைய சங்கத்தின் விதிநூலில் உறுப்பினர் தகுதி பற்றிய நான்காம் விதி, ‘இத்தொழிற்சாலையின் நிரந்தரத் தொழிலாளர் அனைவரும்’ என்று தொடங்குகிறது. அந்த ‘நிரந்தர’ என்னும் சொல்லை நீக்கக் கோரி, சென்ற வாரம் இன்றைய செயலாளரிடம் எழுத்துமூலம் மனுக் கொடுத்திருக்கிறேன். வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்ப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை.